பவர் பட்டனில் கை வைக்கும் முன்

எங்கள் கம்ப்யூட்டர் லேபில் 36 சிஸ்டங்கள். இந்த விடுமுறையில் எல்லாவற்றிலும் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸ், அதில் டெபியன் 13 என்ற வகை, ஏற்றினோம். 4 ஜிபி ராம் 8 ஆனது. கரகரவென்று ஓடிய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாயிற்று. மூலையில் இருந்த இரண்டு 32-பிட் கிழங்களை மட்டும் அனுப்பிவிட்டோம். டெபியன் 13-இல் அவற்றுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

சிஸ்டம் புதிதானாலும் கைப்பழக்கம் பழையதுதான். முதல் வாரம் முழுக்க ஒரே குரல்: "அக்கா, ஹேங் ஆயிடுச்சு!" நான் எழுந்து வருவதற்குள் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்திருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் ஹேங்கே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டளைகளை லேபில் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். மைனஸ் என்றால் சின்னக் கோடு.

முதலில், பொய் ஹேங். விண்டோஸ் ஞாபகத்தில் டெர்மினலுக்குள் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஃபைலைச் சேமிக்க கன்ட்ரோல் எஸ் அடிப்பீர்கள். உடனே திரை உறைந்துவிடும், எந்த எழுத்தும் விழாது. டெலிடைப் என்ற பழைய தட்டச்சு மெஷின் காலத்து வழக்கம் அது: "கொஞ்சம் நிறுத்து" என்று டெர்மினலுக்குச் சொல்லும் சைகை. கன்ட்ரோல் க்யூ அடியுங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும். நடுவில் கோபத்தில் தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து விழும், பயப்பட வேண்டாம். காப்பி எடுக்க கன்ட்ரோல் சி அடித்தாலும் இதே கதைதான்; அது ஓடுகிற புரோகிராமைக் கொன்றுவிடும். டெர்மினலில் காப்பிக்கு ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்க வேண்டும்.

நிஜமாகவே மவுஸ்கூட அசையவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். கறுப்புத் திரை வரும். அங்கே உங்கள் பதிவெண்ணும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையலாம். பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே போய் 'டாப்' என்று அடித்தால் எது பிராசஸரை விழுங்குகிறது என்று பட்டியலின் முதல் வரியிலேயே தெரியும். பெரும்பாலும் அது நீங்கள் கம்பைல் செய்த சி புரோகிராம், 'ஏ டாட் அவுட்'தான், முடிவில்லாத லூப். 'கே' அடித்து, அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணைக் கொடுத்து, இரண்டு முறை என்டர் தட்டுங்கள். அப்புறம் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்2, பழைய திரை திரும்ப வரும்.

அடுத்தது லாகின். உங்கள் ஃபைல்கள் எல்லாம் சர்வரில் இருக்கின்றன, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். "என் சிஸ்டம்" என்று சண்டை போட வேண்டாம். ஆனால் ஒருவருக்கு 2 ஜிபிதான் இடம். அது நிரம்பிவிட்டால் வேடிக்கையான ஒன்று நடக்கும்: பாஸ்வேர்டு சரியாக இருக்கும், திரை ஒரு நொடி கறுக்கும், மறுபடி லாகின் பக்கமே வந்து நிற்கும். பாஸ்வேர்டு தப்பென்றால் அதைச் சொல்லும். இங்கே ஒன்றுமே சொல்லாது. உள்ளே நுழையும்போது சில சின்ன ஃபைல்களை எழுத வேண்டும், எழுத இடமில்லை, அவ்வளவுதான். போன வாரம் ஒரு பெண் இதற்காக மூன்று முறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி வந்து நின்றாள். நானும் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தேன், மூன்றாவது முறைதான் எனக்கே உறைத்தது.

இதற்கும் அதே எஃப்3 திரைதான். 'ஆர்எம் மைனஸ் ஆர்' போட்டு, ஓர் இடைவெளி விட்டு 'டாட் கேஷ்' என்று கொடுங்கள். டாட்டும் கேஷும் (சி ஏ சி ஹெச் இ) ஒட்டியிருக்க வேண்டும். பிரவுசர் சேர்த்துவைத்த குப்பை போய்விடும், நுழைய இடம் கிடைத்துவிடும். நுழைந்ததும் டிராஷைக் காலி செய்யுங்கள். நீங்கள் அழித்த படங்கள் அங்கேதான் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இடம் போதவில்லை என்று 'டெம்ப்' ஃபோல்டரில் புராஜெக்டை வைக்கும் தந்திரம் சீனியர்கள் சொல்லிக் கொடுத்தது. வேண்டாம். டெபியன் 13-இல் அந்த ஃபோல்டர் இருப்பது ராமில். சிஸ்டத்தை அணைத்தால் போச்சு, தேடித் தர என்னாலும் முடியாது.

சீனியர் என்றதும் ரெக்கார்ட் நோட் ஞாபகம் வருகிறது. அதிலிருந்து பார்த்து அடித்த சி புரோகிராம் இப்போது எரர் காட்டும். கம்பைலரில் கோளாறு இல்லை. இது ஜிசிசி 14. இதுவரை வார்னிங் கொடுத்து விட்டுவைத்த சிலவற்றை எரர் ஆக்கிவிட்டது. முன்னால் 'இன்ட்' இல்லாத வெறும் 'மெயின்' செல்லாது. ஹெடர் ஃபைலைச் சேர்க்காமல் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் செல்லாது. ஒரு வரியை வாங்கும் 'கெட்ஸ்' அடியோடு போயிற்று, 'எஃப்கெட்ஸ்' போடுங்கள்.

போட்டால் ஒரு பொறி இருக்கிறது. எஃப்கெட்ஸ் நீங்கள் தட்டிய என்டரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பாலிண்ட்ரோம் (திருப்பிப் படித்தாலும் அதே சொல்) புரோகிராமில் 'மேடம்' என்று ஆங்கிலத்தில் அடித்தாலும் "பாலிண்ட்ரோம் இல்லை" என்றே வரும். ஒரு பேட்ச் முழுக்க லாஜிக்கைத் தேடிக்கொண்டிருந்தது, குற்றவாளி கடைசியில் ஒட்டியிருந்த அந்த என்டர். அதை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

பைத்தானில் அடைப்புக்குறி இல்லாத 'பிரின்ட்' ஓடாது, இது தெரிந்த கதை. கூடுதல் பேக்கேஜ் ஏற்றும் 'பிப்' போட்டால் மட்டும் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் நீளமாக ஒரு எரர் வரும். சிஸ்டத்துக்குச் சொந்தமான பைத்தானில் நீங்கள் கை வைக்கக் கூடாது என்கிறது. அதே எரரின் கடைசியில் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு வழியும் காட்டும். பெயரிலேயே 'பிரேக்' இருக்கிறதே, அப்புறமும் ஏன் அடிக்கிறீர்கள்? நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் பேக்கேஜ்கள் மூன்றும் எல்லாச் சிஸ்டத்திலும் ஏற்றித்தான் வைத்திருக்கிறேன், முதலில் அவற்றை இம்போர்ட் செய்து பாருங்கள். வேறு ஏதாவது வேண்டுமென்றால் 'வென்வ்' (உங்களுக்கென்று தனிப் பைத்தான் ஃபோல்டர்) ஒன்று உருவாக்கி அதற்குள் போடுங்கள். ஒன்றே ஒன்று. பாடத்துக்கு ஒன்றாக உருவாக்கினால் 2 ஜிபி நிரம்பி, மறுபடி அந்தக் கறுப்புத் திரையில்தான் வந்து நிற்பீர்கள்.

பென்டிரைவை 'எஜெக்ட்' செய்யாமல் பிடுங்காதீர்கள். காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் எழுதிக்கொண்டிருக்கலாம்.

கிளம்பும்போது லாக் அவுட் போதும். கடைசி பேட்ச் மட்டும் மெனுவில் போய் பவர் ஆஃப் கொடுங்கள். அப்புறம், 17-ஆம் சிஸ்டத்தின் பவர் பட்டன் மேல் மாத்திரை டப்பா மூடி ஒன்று செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும். முழங்கால் பட்டாலே அணைந்துவிடும் சிஸ்டம் அது. பிய்க்காதீர்கள்.