எல்ஃப் டெக்கைப் போட்டிக்கு அமைக்கும் முறை

கோலாலம்பூரில் மேஜிக் த கேதரிங் என்னும் அட்டை ஆட்டத்தை விளையாடத் தொடங்கும் நம் இளைஞர்களில் பலர், முதலில் ஓர் உயிரின இனத்தின் மீதுதான் ஆசை வைக்கிறார்கள். டிராகன், கோப்ளின், ஸோம்பி என்று ஏதோ ஒன்றின் படம் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அந்த இனத்தில் கிடைக்கும் அட்டைகளையெல்லாம் அள்ளிப் போட்டு ஒரு டெக், அதாவது ஆட்டத்துக்கான அட்டைக்கட்டு, தயாராகிவிடுகிறது. வீட்டில் நண்பர்களோடு விளையாட அது போதும். கடையில் நடக்கும் வெள்ளிக்கிழமைப் போட்டியில் அது போதாது. ஓர் இனத்தை வைத்தே வெல்ல வேண்டுமானால், அந்த இனத்தைச் சேர்ந்த அட்டைகள் மேசையில் எத்தனை இருக்கின்றன என்பதையே ஆயுதமாக்கும் டெக்கை அமைக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எல்ஃப் இனத்தைவிடச் சிறந்த இனம் இல்லை என்பது என் கருத்து.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பாப்பர் வடிவம். காமன் என்னும் எளிதில் கிடைக்கும் தரத்தில் வெளிவந்த அட்டைகளை மட்டுமே அனுமதிக்கும் இந்த வடிவம், 2019-இல் நேரடி ஆட்டத்துக்கும் அதிகாரப்பூர்வமாக அங்கீகரிக்கப்பட்டது. டெக்கில் குறைந்தது 60 அட்டைகள் இருக்க வேண்டும். மானா என்னும் மந்திரச் சக்தியைத் தரும் அடிப்படை லேண்டுகளைத் தவிர எந்த அட்டையையும் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. ஆட்டங்களுக்கிடையே மாற்றிக்கொள்வதற்கான சைட்போர்டில் 15 அட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். எல்லாம் காமன் என்பதால் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழாது. எல்லாக் கடையும் பாப்பர் போட்டி நடத்துவதில்லை என்பதால், அட்டை வாங்குவதற்கு முன்பு உங்கள் கடையில் எந்த வடிவம் நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடைப் பட்டியலும் அவ்வப்போது மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைக்கும் கட்டமைப்பு இது. ஒரு மானாவுக்கு வந்து, அடுத்த டர்னிலிருந்து ஒரு பச்சை மானா தரும் லானோவார் எல்வ்ஸ், ஃபிண்ட்ஹார்ன் எல்வ்ஸ், எல்விஷ் மிஸ்டிக் ஆகியவற்றில் நான்கு நான்கு வையுங்கள். மூன்றும் பெயரில் மட்டுமே வேறு; வேலையில் ஒன்றே. அவற்றோடு க்விரியன் ரேஞ்சர், பர்ச்லோர் ரேஞ்சர்ஸ், நெட்டில் சென்டினல், பிரீஸ்ட் ஆஃப் டைட்டானியா, டிம்பர்வாட்ச் எல்ஃப் ஆகியவை நான்கு நான்கும், வெல்விஷர் மூன்றும் சேர்த்தால் 35 எல்ஃபுகள் ஆகின்றன. லீட் த ஸ்டாம்பீட் நான்கு, வைண்டிங் வே நான்கு, லேண்ட் கிராண்ட் நான்கு, பச்சை மானா தரும் அடிப்படை லேண்டான ஃபாரஸ்ட் 13, மொத்தம் 60.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும், எதிராளியின் உயிரினத்தைக் கொல்லும் மந்திரங்கள் எங்கே என்று பலரும் கேட்பார்கள். அவற்றைச் சேர்க்கத்தான் கை துறுதுறுக்கும், சேர்க்காதீர்கள். லீட் த ஸ்டாம்பீட், டெக்கின் மேலிருந்து ஐந்து அட்டைகளைப் பார்த்து அவற்றிலுள்ள உயிரினங்களையெல்லாம் கைக்கு எடுத்துக்கொள்ள விடுகிறது. 60-இல் 35 உயிரினம் என்றால் சராசரியாக ஏறக்குறைய மூன்று அட்டைகள் கைக்கு வரும். ஏழு எல்ஃபுகளை எடுத்துவிட்டு ஏழு மந்திரங்களை நுழைத்தால் அந்தச் சராசரி 2.3-க்கு இறங்கிவிடும். உயிரினங்களையோ எல்ஃபுகளையோ நம்பியிருக்கும் வைண்டிங் வே, பிரீஸ்ட், டிம்பர்வாட்ச், வெல்விஷர் என எல்லாமே அதே அளவுக்கு இளைத்துப்போகும். ஆகவே எல்ஃப் அல்லாத ஒவ்வோர் அட்டையிடமும் நீங்கள் கேட்க வேண்டியது, அது நல்ல அட்டையா என்பதல்ல. ஓர் எல்ஃபின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு நல்ல அட்டையா என்பதே.

டெக்கின் உயிர்நாடி க்விரியன் ரேஞ்சர்தான். உங்களுடைய ஒரு ஃபாரஸ்டைக் கைக்குத் திருப்பி எடுத்து, ஓர் உயிரினத்தை மீண்டும் நிமிர்த்தலாம் என்கிறது அதன் வாசகம். ஒரு டர்னில் ஒரு முறை மட்டுமே. படிக்கும்போது இது ஓர் இழப்புபோலத் தெரியும். மேசையில் நடப்பதைப் பாருங்கள். முதல் டர்னில் ஃபாரஸ்ட், லானோவார். இரண்டாவது டர்னில் கையில் வேறு லேண்ட் இல்லை. ஃபாரஸ்டை டேப் செய்து, அதாவது பயன்படுத்தியதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் சாய்த்து, க்விரியன் ரேஞ்சரை இறக்குகிறீர்கள். லானோவாரை டேப் செய்து ஒரு மானா எடுக்கிறீர்கள். டேப் ஆன அந்த ஃபாரஸ்டைக் கைக்கு எடுத்து லானோவாரை நிமிர்த்துகிறீர்கள். இந்த டர்னில் இன்னும் லேண்ட் இறக்கவில்லை என்பதால் அதே ஃபாரஸ்டை மறுபடியும் இறக்கி ஒரு மானா, லானோவாரிடமிருந்து இன்னொரு மானா. ஒரே ஒரு லேண்டை வைத்துக்கொண்டு, ரேஞ்சரையும் இறக்கி, மூன்று மானாவும் கையில் நிற்கிறது. லீட் த ஸ்டாம்பீட் போட அது சரியாக இருக்கும். லேண்ட் குறைவாக வைத்து இந்த டெக் பிழைப்பதன் காரணம் இதுதான்.

பர்ச்லோர் ரேஞ்சர்ஸும் இப்படிப்பட்டதே. நிமிர்ந்திருக்கும் இரண்டு எல்ஃபுகளை டேப் செய்தால் ஏதேனும் ஒரு நிற மானா கிடைக்கும். அதன் வாசகத்தில் டேப் குறியீடு இல்லாததால், இந்த டர்னில்தான் இறங்கிய எல்ஃபையும் பயன்படுத்தலாம். புதியவர்கள் தவறவிடும் நுணுக்கம் இது. நெட்டில் சென்டினல் டர்ன் தொடக்கத்தில் தானாக நிமிராது. ஆனால் நீங்கள் பச்சை மந்திரம் ஒன்றைப் போடும்போதெல்லாம் நிமிரலாம். இரண்டும் சேர்ந்து மேசையில் இருந்தால், ஒரு மானா எல்ஃப் ஒன்றைப் போடும்போது சென்டினல் நிமிரும். அதையும் புதிதாய் வந்த எல்ஃபையும் டேப் செய்தால் செலவழித்த மானா திரும்பி வந்துவிடும். கையிலுள்ள ஒரு மானா எல்ஃபுகள் எல்லாமே இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றியைத் தருவது டிம்பர்வாட்ச் எல்ஃப். அதை டேப் செய்தால், மேசையிலுள்ள எல்ஃபுகளின் எண்ணிக்கை அளவுக்கு ஓர் உயிரினத்தின் பலமும் தாங்குதிறனும் டர்ன் முடியும்வரை கூடும். தாக்கும் உயிரினங்களை அறிவித்தவுடனே இதைப் பயன்படுத்துவது வீண். எதிராளி தடுப்பவர்களை அறிவிக்கும்வரை பொறுத்திருந்து, தடுக்கப்படாமல் நிற்கும் எல்ஃப் மீது போடுங்கள். ஏழு எல்ஃபுகள் இருந்தால், பலம் 1, தாங்குதிறன் 1 உள்ள 1/1 ஒன்று 8/8 ஆகும். க்விரியன் ரேஞ்சரைக் கொண்டு டிம்பர்வாட்சை நிமிர்த்தி மறுபடியும் அதே எல்ஃப் மீது போட்டால் 15/15. தொடக்க உயிர்ப்புள்ளி 20 மட்டுமே. எதிராளியும் எல்ஃப் டெக்கோடு வந்திருந்தால் அவருடைய எல்ஃபுகளும் உங்கள் கணக்கில் சேரும். உங்களுடையவை அவர் கணக்கிலும் சேரும்.

தொடக்கக் கையை மதிப்பிடும்போது, முதல் டர்னில் லானோவார் போன்ற மானா தரும் எல்ஃப் இறங்குமா என்பதையே முதலில் பாருங்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றாவது ஏழு அட்டைகளுக்குள் வர ஏறக்குறைய 81 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நான்கு பிரதிகள் மட்டும் வைத்திருந்தால் அது 40 விழுக்காடுதான். ஒரே வேலையைச் செய்யும் மூன்று பெயர்களை ஏன் வைக்கிறோம் என்பது இப்போது புரிந்திருக்கும். லேண்ட் இல்லாமல் லேண்ட் கிராண்ட் மட்டும் இருக்கும் கையும் நல்ல கையே. மானா செலுத்துவதற்குப் பதிலாக முழுக் கையையும் எதிராளிக்குக் காட்டிவிட்டு ஃபாரஸ்ட் ஒன்றைத் தேடி எடுக்கலாம். மானா எல்ஃபும் க்விரியன் ரேஞ்சரும் இல்லாத மந்தமான கையை மாற்றத் தயங்காதீர்கள். இப்போதைய விதிப்படி மறுபடியும் ஏழு எடுத்து, ஒன்றைத்தான் அடியில் வைக்கிறோம்.

இந்த டெக்கை அழிப்பவை, மேசையைத் துடைக்கும் அட்டைகள். எலெக்ட்ரிக்கரி உங்கள் உயிரினங்கள் அனைத்துக்கும் ஒரு சேதம் தரக்கூடியது. பிரெத் வெப்பன் இரண்டு தரும். கிரிப்ட் ராட்ஸ் எதிராளியிடமுள்ள கறுப்பு மானாவின் அளவுக்குத் தரும். அதனால் இரண்டாவது ஆட்டத்திலிருந்து கையைக் காலி செய்யாதீர்கள். வெற்றிக்குப் போதுமான எல்ஃபுகளை இறக்கிவிட்டு, ஒரு லீட் த ஸ்டாம்பீடையாவது ஒதுக்கி வையுங்கள். சைட்போர்டில் ஸ்பைடர்சில்க் ஆர்மர் இருந்தால், அதை இறக்கியதும் உங்கள் உயிரினங்கள் எல்லாவற்றின் தாங்குதிறனும் ஒன்று கூடும். எலெக்ட்ரிக்கரி பயனற்றதாகிவிடும், ஆனால் பிரெத் வெப்பனுக்கு முன்னால் 1/1-கள் அப்போதும் சாகும். உயிர்ப்புள்ளியை நேராக எரிக்கும் சிவப்பு டெக்குகளுக்கு வெதர் த ஸ்டார்ம். ஆர்ட்டிஃபாக்ட் டெக்குகளுக்கு மாஸ்க்ட் வாண்டல். எல்லா உயிரின வகைகளையும் சேர்ந்தது என்பதால் அதுவும் எல்ஃபாகவே எண்ணப்படும்.

நம்மூர் ஈரப்பதத்தைப் பற்றியும் ஒரு சொல். பளபளக்கும் ஃபாயில் அட்டைகள் இங்கே சீக்கிரம் வளைந்துவிடும். டெக்கில் நான்கு மட்டும் வளைந்திருந்தால், கலைக்கும்போது அவை எங்கே இருக்கின்றன என்று விரலுக்கே தெரிந்துவிடும், நடுவர் அவற்றை அடையாளமிட்ட அட்டைகளாகக் கருதக்கூடும். அழகுக்காக ஃபாயில் வாங்காதீர்கள். பின்புறம் தெரியாத ஸ்லீவ் உறைகளை ஒரே தொகுப்பிலிருந்து எல்லா அட்டைகளுக்கும் போடுங்கள்.

ஒரு சுற்றுக்கு 50 நிமிடம்தான். மூன்று ஆட்டமும் அதற்குள் முடிய வேண்டும். எல்ஃப் டெக்கின் டர்ன்கள் நீளமானவை என்பதால், மேலே சொன்ன மானாக் கணக்கு கைக்குப் பழகும்வரை வீட்டில் தனியாகவே விரித்து ஆடிப் பாருங்கள். கடையில் எதிரே அமர்பவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். எடுத்த மானா எத்தனை செலவழியாமல் மிதக்கிறது, எல்ஃப் எத்தனை என்பதை ஒவ்வொரு படியிலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ வாய்விட்டுச் சொல்லுங்கள். சுற்று முடிந்ததும், எழுந்து தே தாரிக் குடிக்கப் போவதற்கு முன்பே, சைட்போர்டு அட்டைகளை வெளியே எடுத்து 60-ஐயும் எண்ணிச் சரிபார்த்துவிடுங்கள். அடுத்த எதிராளியோடு முதல் ஆட்டத்தில் ஸ்பைடர்சில்க் ஆர்மர் கைக்கு வந்தால் நடுவரைத்தான் அழைக்க வேண்டியிருக்கும்.