மாற்றுத்திறனாளி மகளிடம் கல்யாணப் பேச்சை எடுப்பது எப்படி?

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு வீட்டில் நான் நேரில் பார்த்தது இது. சக்கர நாற்காலியில் அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த 26 வயதுப் பெண்ணின் எதிரிலேயே, "இவளுக்கு எதுக்குடி கல்யாணம்?" என்று பெரியம்மா அவளுடைய தாயிடம் கேட்டார். அவள் விரல்கள் அப்படியே நின்றன. நாரின் முடிச்சு நழுவி, இரண்டு அரும்புகள் மடியில் விழுந்தன. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் தாய் செய்ய வேண்டியது ஒன்றுதான். "அவளையே கேளுக்கா" என்று கேள்வியை உரியவளிடம் திருப்பிவிட வேண்டும். பதில் "வேண்டாம்" என்றே வந்தாலும், அது அவள் வாயிலிருந்து வரட்டும்.

பிறகு, அவளுக்கு நெருக்கமான அண்ணியோ தோழியோ தனியாக உட்கார்ந்து, ஆசை, தாம்பத்தியம், குழந்தை ஆகியவற்றைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். அதற்கும் முன்பே வீட்டுப் பழக்கம் மாற வேண்டும்: குளிக்க உதவும்போது கதவைச் சாத்துங்கள், தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். தன் உடல் தன்னுடையது என்று பழகியவளால்தான் தவறான தொடுதலையும் தயங்காமல் சொல்ல முடியும்.

மருத்துவரிடமும் கேளுங்கள், பல மருத்துவர்கள் தாமாக இந்தப் பேச்சை எடுப்பதில்லை. தண்டுவடக் காயத்துக்குப் பின் சில மாதங்கள் நின்றுபோகும் மாதவிலக்கு பெரும்பாலும் திரும்பிவிடும், கருத்தரிக்கவும் முடியும். காயம் மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ இருந்தால் பிரசவத்தின்போது ரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும் என்பதால், மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த ஊர் இந்த வேலூர்; அவர் முயற்சியால் உருவான மறுவாழ்வு நிலையம் இங்கே பாகாயம் பகுதியில் இருக்கிறது.

"மாதா மாதம் தொல்லை, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்" என்று எவரேனும் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரின் சுதந்திரமான சம்மதம் இல்லாமல், அவரை மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அவளுடைய சிரமத்தைக் குறைக்க மாத்திரை முதல் வேறு வழிகள் எத்தனையோ உண்டு.

வரன் வந்தால், குறைபாட்டை முதல் பேச்சிலேயே முழுமையாகச் சொல்லிவிடுங்கள். அரசின் திருமண உதவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பெண் பார்க்கும் நாளில் இருவரும் அரை மணி நேரமாவது தனியாகப் பேச வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர், அவளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும்.