கொடைக்கானல் போனால் ஏரிக்கரையோடு திரும்பிவிடாதீர்கள்

முதலில் இ-பாஸ். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம், அதனால் வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டிலுக்கும் மலையில் தடை, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

1863-இல் உருவாக்கிய அந்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர், அதைக் காலை ஏழு மணிக்குள் நடந்துவிட வேண்டும், ஏனென்றால் அப்புறம் சைக்கிளும் குதிரையும் ஹாரன் சத்தமும் சேர்ந்துகொண்டால் பனிமூட்டம் கூட ரசிக்காது.

சரி, மறுநாள் பூம்பாறைக்குக் கிளம்புங்கள். சாலையோர வளைவில் நின்று பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள். இங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பல்லை நசுக்கி மோந்து பாருங்கள், விரலில் அந்தக் காரம் சாயங்காலம் வரை போகாது. பேரம் பேசாமல் அரைக்கிலோவாவது வாங்குங்கள், அந்தச் சரிவில் விவசாயம் செய்வது லேசில்லை. குழந்தை வேலப்பர் கோயிலும் அங்கேதான்.

இன்னும் உள்ளே போனால் மன்னவனூர்: புல்வெளி, ஏரி, ஆட்டுப் பண்ணை. என்னைக் கேட்டால் தூண் பாறையை விட்டுவிட்டுக் கூட இங்கே அரை நாள் உட்காரலாம். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பெட்ரோலை மட்டும் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.