ஒரே மாணவிக்கு 8-ம் 4-ம்: ரூப்ரிக்கைத் திருத்திய என் அனுபவம்

சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் ஆஸ்கி தேர்வில் (மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு செய்முறையைச் செய்து காட்டும் தேர்வு; 1975-இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் கொண்டுவந்த முறை) பி.பி. பார்க்கும் ஸ்டேஷன். ஒரே மாணவிக்கு நான் 8 போட்டேன், சக ஆசிரியர் 4. அந்தப் பெண் அழுதது இன்னும் மனசில் நிற்கிறது.

ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்லும் தாளை, எடுத்துப் பார்த்தேன். ‘நன்று’, ‘சுமார்’ என்றுதான் இருந்தது. எது நன்று? ஆளுக்கொரு அர்த்தம்.

அவற்றை அடித்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதினேன். நோயாளியை 5 நிமிடம் உட்காரவைத்தாரா, கை இதய மட்டத்தில் இருந்ததா, முதலில் நாடியைத் தொட்டு சிஸ்டாலிக்கை (பி.பி.யின் மேல் எண்) கணித்தாரா, கஃப்பில் (கையில் சுற்றும் பட்டை) உள்ள காற்றை நொடிக்கு 2 மி.மீ. பாதரச அளவில் இறக்கினாரா. ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் பெரியவரிடம், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கஃப் சுற்றினாரா என்பதையும் சேர்த்தேன். எனக்கு அதுதான் முக்கியம்.

எல்லாமே டிக் பட்டியலானால், புரிந்து செய்பவரும் ஒப்பிப்பவரும் ஒரே மார்க் வாங்குவார்கள். அதனால் மொத்தத் திறமைக்குத் தனியாக 2 மார்க்.

அப்புறம், அடுத்த தேர்வுக்கு முந்தின நாள் இருவரும் ஒரே வீடியோவைப் பார்த்துத் தனித்தனியாக மார்க் போட்டோம். 7-ம் 5-ம். பேசிப் பார்த்தால், கஃப் அளவு பற்றி நான் எழுதவே இல்லை. சேர்த்தோம். மறுநாள் யாருக்கும் 1 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வரவில்லை.