பூ விழும் ஓவர்லேயை நீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு) வீடியோ, கலியாண வீட்டு வீடியோ எதை எடுத்தாலும் பூவிதழ் விழும், பொன்துகள் மின்னும் ஓவர்லே, அதாவது வீடியோவுக்கு மேல் படரவிடும் அலங்காரக் கிளிப், ஒன்றாவது இருக்கும். இந்தக் கிளிப்புகள் பெரும்பாலும் சில விநாடிகளே ஓடும். ஆலாத்திக் காட்சியோ மூன்று நிமிடம் போகும். இடையிலுள்ள நேரத்தை அவசரமாக நிரப்பப் போய்த்தான் நல்ல வீடியோக்கள் பல கெட்டுப்போகின்றன.

முதல் தவறு, கிளிப்பின் வேகத்தைக் குறைத்து இழுப்பது. விநாடிக்கு 30 பிரேம் (தனிப்படம்) என்றால் 5 விநாடிக் கிளிப்பில் இருப்பது 150 பிரேம். அதை 20 விநாடிக்கு இழுத்தால் விநாடிக்கு ஏழரைப் பிரேம்தான் மிஞ்சும். மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் நாலு தடவை காட்டும். இதழ் மிதந்து வராமல் விட்டுவிட்டுத் தாவும். டாவின்சி ரிசால்வ் போன்ற எடிற்றிங் மென்பொருட்களில் உள்ள ஆப்டிகல் ஃப்ளோ இடைப்பட்ட பிரேம்களைக் கணித்து உருவாக்கித் தரும். ஆனால் ஒன்றையொன்று கடந்து விழும் நூறு இதழ்களில் அந்தக் கணிப்பு தடுமாறி, இதழ்கள் குழைந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, கிளிப்பை அப்படியே கொப்பி பண்ணி வரிசையாக ஒட்டுவது. பல ஓவர்லேகள் வெறுந்திரையில் தொடங்கி வெறுந்திரையில் முடிபவை. பத்துத் தடவை ஒட்டினால் பூமழை பத்துத் தடவை நின்று நின்று பெய்யும். தொடக்கத்தையும் முடிவையும் வெட்டித் தனியே வையுங்கள். தொடக்கம் காட்சியின் ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவு கடைசியில் ஒரு தடவை. திரும்ப ஓட வேண்டியது நடுப்பகுதி மட்டுமே.

அந்த நடுப்பகுதியையும் பொருத்து (ஒட்டிய இடம்) தெரியாமல் ஓட்ட ஒரு வழி உண்டு; எடிற்றிங் பழகும் எவருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். நடுப்பகுதியைச் சரிபாதியாக வெட்டி, பின்பாதியை முன்னுக்கும் முன்பாதியைப் பின்னுக்கும் வையுங்கள். இப்போது கிளிப்பின் கடைசிப் பிரேமும் முதல் பிரேமும் மூலத்தில் அடுத்தடுத்து இருந்தவை. ஆகவே எத்தனை தடவை ஒட்டினாலும் அந்த இடத்தில் தாவல் வராது. பொருந்தாத இடம் இப்போது கிளிப்பின் நடுவே வந்திருக்கும். அங்கே இரண்டு பாதிகளையும் இரண்டு ட்ராக்கில் (மேலும் கீழுமான வீடியோ அடுக்குகளில்) ஒரு விநாடி மேற்பொருந்த வைத்து, ஒன்று மறைய மற்றது தெளியும்படி விடுங்கள். பிறகு முழுவதையும் ஒரே கிளிப்பாகத் தொகுத்து, அதைக் கொப்பி பண்ணுங்கள்.

மின்னும் பூச்சட்டம் போல ஒரே இடத்தில் நிற்கும் ஓவர்லேக்கு இந்த முறையில் ஒரு சிக்கல் வரும். இரண்டு ட்ராக்கும் பாதி மங்கலாக இருக்கும் கணத்தில் பின்னால் உள்ள வீடியோ கால்பங்கு ஊடுருவித் தெரியும். சட்டம் ஒருமுறை மங்கி மீளும். கீழ் ட்ராக்கை முழுதாக விட்டு, மேல் ட்ராக்கை மட்டும் தெளியவிட்டால் அது நீங்கும்.

கிளிப்பை முன்னும் பின்னுமாக ஓட்டும் பழக்கமும் பலரிடம் உண்டு. மங்கலான ஒளிவட்டங்களுக்கு அது சரி. பூவுக்குச் செய்தால் இதழ் மேலே ஏறும். 31ஆம் நாள் நினைவு வீடியோக்களில் இன்னும் கவனம் தேவை. விளக்குச் சுடர் பின்னோக்கி ஆடுவது எவர் கண்ணிலும் படாது. ஆனால் சாம்பிராணிப் புகை தட்டுக்குள் திரும்பி இறங்கினால், துயரத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தின் மனம் அந்தப் புகைக்குப் போய்விடும். அது நடக்கக்கூடாது.

நீட்டிய ஓவர்லேயைப் பிறகும் பயன்படுத்தச் சேமிப்பவர்கள் வழக்கம்போல எம்பி4 ஆக எடுத்தால் ஊடுதெரியும் தன்மை போய், பின்னணி கறுப்பாகிவிடும். ஊடுதெரிவைக் காக்கும் புரோரெஸ் 4444 வீடியோ வடிவமாக அல்லது பிஎன்ஜி படவரிசையாக எடுங்கள். முதலிலேயே கறுப்புப் பின்னணியோடு வந்து ஸ்கிரீன் முறையில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும்படி) கலக்கும் வகையென்றால் எம்பி4 போதும். ஜிஃப் வேண்டாம்: அதில் 256 நிறம்தான், அரைகுறை ஊடுதெரிவும் கிடையாது, ஆகவே இதழின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியும். கமரா 25 பிரேமிலும் ஓவர்லே 30 பிரேமிலும் இருந்தால், லூப் செய்ய (திரும்பத் திரும்ப ஓடவிட) முன்னரே ரைம்லைனின் (கிளிப்புகளை அடுக்கும் வரிசையின்) பிரேம் அளவுக்கு ஓவர்லேயை மாற்றிவிடுங்கள்.

பொருத்து தெரியாவிட்டாலும், ஒரே பெரிய இதழ் அதே மூலையில் திரும்பத் திரும்ப விழுவதைக் கண் பிடித்துவிடும். ஒரு ட்ராக்கில் 7 விநாடி லூப், இன்னொன்றில் 11 விநாடி லூப் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து அதே கோலத்துக்கு வர 77 விநாடி ஆகும். தாய்மாமன் பாலறுகு வைக்கும் நேரத்தில் இரண்டையும் மங்கவிடுங்கள். அந்த இடத்தில் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். பூ அதை மறைக்கக்கூடாது.

கடைசியாக, சிறு துகள்கள் நிறைந்த காட்சிக்குப் பிட்ரேட் (விநாடிக்குச் செலவிடும் தரவின் அளவு) நிறைய வேண்டும். குறைத்து எடுத்தால் இதழ்கள் கட்டம் கட்டமாக உடையும். ரொறன்ரோவில் உள்ள உறவுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது மறுபடி சுருக்கப்படும்.