கேட் தேர்வு: விடத் தெரியாததால் போகும் மதிப்பெண்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் எட்டுப் பேர், ஐஐஎம் போன்ற நிறுவனங்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்கு மாக் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்திலிருந்து வரும் ஒரு பெண், தரவுகளையும் தர்க்கத்தையும் வைத்துப் புதிர் போடும் டிஐஎல்ஆர் பகுதியில் ஒரே செட்டின் (ஒரு புதிரும் அதையொட்டிய கேள்விகளும்) மேல் குனிந்தபடி இருந்தாள். ரஃப் ஷீட்டில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டிருந்தாள். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று. அதையும் அடித்துவிட்டுக் கீழே மூன்றாவது. கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தச் செட்டிலேயே 19 நிமிடம் ஓடியிருந்தது.

"அடுத்ததுக்குப் போம்மா" என்றேன்.

"இன்னும் ரெண்டே நிமிஷம்ணே, வந்துரும்" என்றாள்.

இதே 'வந்துரும்' என்ற சொல்லை 2021 நவம்பரில் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாய்பாடு படிக்காமல் போவது, கடைசி மாதத்தில் தொடங்குவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை.

வராத செட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவது

கேட் தேர்வு மொத்தம் 120 நிமிடம். ஆங்கிலம், டிஐஎல்ஆர், கணக்கு என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வர வழியில்லை. சரியான விடைக்கு 3 மதிப்பெண், விருப்பங்கள் உள்ள கேள்வியில் தவறான விடைக்கு 1 குறையும். 2021இல் டிஐஎல்ஆரில் 20 கேள்விகள் இருந்தன. 2024இல் அது 22 ஆனது. கேள்விகள் தனித்தனியாக வராது, நான்கு அல்லது ஐந்து செட்டுகளாக வரும். ஒரு செட்டைப் பிரித்துவிட்டால் அதிலுள்ள நான்கைந்து கேள்விகளும் கைக்கு வரும். பிரியாவிட்டால் ஒன்றுகூட வராது.

அன்று நான் முதலில் கண்ணில் பட்ட செட்டையே எடுத்தேன். பத்தாவது நிமிடத்தில் இது சரிப்படாது என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் பத்து நிமிடம் போட்டாயிற்றே, விட்டால் அத்தனையும் வீணாகிவிடுமே என்ற எண்ணம் நாற்காலியோடு கட்டிப்போட்டது. 27ஆவது நிமிடத்தில்தான் வெளியே வந்தேன், கையில் இரண்டு விடைகளோடு. மிச்ச நேரத்தில் பதற்றத்தோடு இன்னொரு செட்டைத் தொட்டேன், முடிக்கவில்லை. கடைசியாக இருந்த செட்டை நான் படிக்கக்கூட இல்லை. பிற்பாடு வினாத்தாள் கையில் வந்தபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.

ஆங்கிலத்தில் 96 பெர்சன்டைல் (அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 96 பேரை முந்தியது), கணக்கில் 93, டிஐஎல்ஆரில் 61. ஐஐஎம்கள் மொத்த பெர்சன்டைலோடு ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்-ஆஃப் வைக்கின்றன. ஒன்றில் கீழே போனால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழைப்பு வராது. எனக்கும் வரவில்லை. கேட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். ஒரு வருடம் போயிற்று.

அப்பா பாம்பன் தெற்குவாடியில் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். பெர்சன்டைல், கட்-ஆஃப் எல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வராதுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?" என்றார்.

"பத்து நிமிஷத்துல."

"அப்புறம் ஏன் அங்கயே நின்ன?"

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டில் வலை மாட்டிக்கொண்டால் அவர் இரண்டு மூன்று பக்கம் திருப்பி இழுத்துப் பார்ப்பார். வராது என்று தெரிந்தால் கத்தியை எடுத்துவிடுவார். அந்த வலைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் அறுப்பார்.

நமக்கு இந்தப் பழக்கம் இல்லாததற்குக் காரணம் பள்ளிக்கூடம்தான் என்று நினைக்கிறேன். பிளஸ் டூ வரை 'ஒரு கேள்வியையும் விடாதே, தெரிந்தவரை எழுது' என்றுதான் வளர்த்தார்கள். அந்தத் தேர்வுக்கு அது சரி. கேட் தேர்வில் முழுவதையும் போட வேண்டிய தேவையே இல்லை. டிஐஎல்ஆரில் பாதிக் கேள்விகளைச் சரியாகப் போட்டவர்களுக்கு 95க்கு மேல் பெர்சன்டைல் வந்த ஆண்டுகள் உண்டு. அதாவது இரண்டு மூன்று செட் போதும். எந்த இரண்டு மூன்று என்று பார்த்து எடுப்பதுதான் வேலையே.

எங்கள் பிள்ளைகளிடம் நான் செய்யச் சொல்வது இது. முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடக் கூடாது. எல்லாச் செட்டையும் படிக்க வேண்டும். பிடிமானமான குறிப்பு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து படகு, ஐந்து நாள், எந்தப் படகு எந்த நாள் கடலுக்குப் போனது என்று ஒரு செட் இருக்கிறது என்று வையுங்கள். 'நான்காவது படகு புதன்கிழமை போனது' என்பது பிடிமானம், உடனே ஒரு கட்டம் நிரம்பும். 'முதல் படகுக்கும் மூன்றாவது படகுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் உண்டு' என்பது தளர்வான குறிப்பு. எல்லாமே இரண்டாவது வகையாக இருந்தால் அந்தச் செட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கேள்விகளையும் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியும் 'இஃப்' என்று புதிய நிபந்தனையோடு தொடங்கினால், கட்டம் முழுதாக நிரம்பாது, ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று பெரும்பாலும் அர்த்தம்.

செட்டைத் தொடங்கும்போது திரையில் மிச்சம் எத்தனை நிமிடம் என்பதை ரஃப் ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்துக்குள் ஒரு கட்டமாவது உறுதியாக நிரம்பவில்லையா, எழுந்துவிடுங்கள். பாதி நிரம்பியிருந்தாலும் 12 நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

இதை வீட்டில் பழகாமல் தேர்வு அறையில் செய்ய முடியாது. மாக் டெஸ்ட் முடிந்ததும் விட்ட செட்டுகளை நேரம் பார்க்காமல் போடுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி: எடுத்தது, விட்டது, எடுத்திருக்க வேண்டியது. எட்டு பத்து டெஸ்டுக்குப் பிறகு அந்த மூன்றாவது பத்தி உங்களுக்கு எந்த வகை செட் ஒத்துவரும் என்று காட்டிக்கொடுக்கும். வாரம் மூன்று டெஸ்ட் எழுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பிள்ளைகள் அவ்வளவு உழைக்கிறார்கள், பயன் முழுவதும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

தட்டச்சு செய்யும் கேள்வியைக் காலியாக விடுவது

விருப்பங்கள் தராமல் விடையை நாமே தட்டச்சு செய்யச் சொல்லும் கேள்விகளும் உண்டு. அவற்றுக்கு மைனஸ் கிடையாது. ஏதாவது ஒன்றைப் போடுங்கள். நான்கு விருப்பங்கள் உள்ள கேள்வியில் கண்ணை மூடி அடித்தால் கூட்டிக் கழித்துச் சராசரி பூஜ்யம்தான். ஒரு விருப்பத்தையாவது உறுதியாக நீக்க முடிந்தால் அடிக்கலாம்.

ஆங்கிலப் பத்தியைத் தமிழில் மாற்றிக்கொண்டே படிப்பது

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பலர் ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு பத்திகளும் அதையொட்டி 16 கேள்விகளும் வரும் பகுதியில் அதற்கு நேரம் போதாது. ஒரு பத்தியை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, 'இவர் என்ன சொல்ல வருகிறார்' என்பதைத் தமிழில் ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். தினமும் இரண்டு கட்டுரை, அதுவும் உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் பற்றியதாக எடுங்கள். கடல் பற்றியே படித்துக்கொண்டிருந்தால் தத்துவம் வரும்போது கை நடுங்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு நல்ல நேரம். கல்லூரியும் பெரும்பாலும் விடுமுறையாக இருக்கும். வீட்டில் எல்லோரும் இருப்பார்கள் என்பதால் நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

பிசி, எம்பிசி சான்றிதழ் போதும் என்று நினைப்பது

நம் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. மாநில அரசின் சாதிச் சான்றிதழ் வேறு, ஐஐஎம் கேட்கும் ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம் என்று காட்டும்) சான்றிதழ் வேறு. உங்கள் சமூகம் மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மத்திய அரசுப் படிவத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்குங்கள். கேட் தேர்வுக்கான பதிவு வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும். பதிவு முடிந்த பிறகு பிரிவை மாற்ற முடியாது. ஜூலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

அண்ணன் வைத்திருந்த பழைய ஜிமேட் புத்தகம்

கீழக்கரைப் பக்கம் வளைகுடாவில் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகளில், வெளிநாட்டு எம்பிஏ படிப்புகளுக்குக் கேட்கப்படும் ஜிமேட் (GMAT) தேர்வை எழுதுகிறவர்கள் உண்டு. 2023 நவம்பரில் தேர்வே மாறிவிட்டது. இப்போது 64 கேள்விகள், இரண்டேகால் மணி நேரம். வடிவியலும் இல்லை, வாக்கியத் திருத்தமும் இல்லை. அந்தப் பழைய புத்தகத்தில் இந்த இரண்டும் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, கேட் பழக்கத்தில் கேள்விகளைக் காலியாக விடாதீர்கள். ஜிமேட்டில் ஒரு பகுதியை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் இறங்கும்.

செல்போனிலேயே பயிற்சி

வேண்டாம். பிரவுசிங் சென்டரிலாவது பெரிய திரையில் எழுதுங்கள்.

தேர்வன்று காலையில் கிளம்புவது

தேர்வு வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு, நமக்கு அடைமழைக் காலம். முதல் ஷிப்ட் 8.30க்கு, எந்த ஷிப்ட் என்பது நம் கையில் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் சனிக்கிழமை மதியமே பஸ் ஏறிவிடுங்கள்.