மலையகத்தில் வாடகை வீடு: பெரிய திருத்த வேலை வரும்போது நாம் விடும் பிழைகள்

மே, ஜூனில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கூரை ஒழுகும். ஒக்டோபர் தாண்டினால் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தின் முறை. வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை பிறப்பது பெரும்பாலும் இந்த மழை மாதங்களில்தான். நியாயம் தொடக்கத்தில் குடியிருப்பவர் பக்கமே இருக்கும். ஆத்திரத்தில் அவர் செய்யும் ஓரிரு காரியங்களால் அது கைமாறிப் போகிறது.

அவற்றில் முதலாவது, வாடகையை நிறுத்திவிடுவது. "கூரையைப் போட்டுத் தரட்டும், பிறகு காசு தாறேன்" என்று சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இலங்கையில் வாடகைக்கு அடிப்படையாக உள்ள உரோமன் டச்சுச் சட்டமும், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்றே சொல்கிறது. கூரை, சுவர், அத்திவாரம் எல்லாம் அதில் அடங்கும்; உங்கள் பிள்ளை உடைத்த கண்ணாடி அடங்காது. ஆனால் வாடகை நின்ற மாதத்திலிருந்து வழக்கின் பெயரே மாறிவிடும். அதுவரை திருத்தம் செய்யாத வீட்டுக்காரர் என்றிருந்தது, வாடகை பாக்கி வைத்த குடியிருப்பாளர் என்றாகிவிடும். வீட்டின் ஒரு பகுதி பாவிக்க முடியாமல் போயிருந்தால் அந்த அளவுக்கு வாடகைக் குறைப்புக் கேட்க இடமுண்டு. அதை எழுத்தில் கேளுங்கள், அல்லது சட்டத்தரணி மூலம் கேளுங்கள். நீங்களாகவே ஒரு தொகையை வெட்டிக்கொள்ள வேண்டாம். வாடகையை வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

குடியிருப்பவருக்குப் பாதுகாப்புத் தரும் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை நம்பி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். 1980, 2002 திருத்தங்களுக்குப் பிறகு, அண்மைக் காலத்தில் வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை அதற்குள் வராது. தாத்தா காலத்திலிருந்து ஒரே வீட்டில் இருப்பவராயின் கட்டாயம் விசாரித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்தால், உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் செலுத்தலாம்.

அடுத்தது வாய்ப்பேச்சு. தெருவில் கண்டபோது சொன்னேன், கோல் எடுத்துச் சொன்னேன் என்பதற்குச் சாட்சி ஏது? ஒழுகும் இடத்தைத் திகதி தெரியும்படி படம் எடுத்து, ஒரு பக்கக் கடிதத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், அழிக்காதீர்கள். திருத்தத்துக்குத் தவணையும் குறிப்பிடுங்கள். தவணை கடந்தும் அசையாவிட்டால், அவசியமான வேலையை நீங்களே செய்து செலவை வாடகையில் கழிக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அறிவித்தலும், மேசன் பாஸிடம் வாங்கிய செலவு மதிப்பீடும், கடைப் பில்லும் கையில் இல்லாமல் அதில் இறங்குவது வீண் வம்பு. சாக்கோடு சாக்காகச் சமையலறையைப் பெருப்பித்து அதையும் கணக்கில் சேர்ப்பவர்களை என்ன சொல்வது!

நுவரெலியாவில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சாவி விடயத்தில். "டீச்சர், ரெண்டு மாசம் மட்டும் விட்டுக் குடுங்க, வேலை முடிஞ்சதும் நீங்களே வாங்க" என்பார்கள். சாமானை ஏற்றிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போவீர்கள். ஏப்ரல் சுற்றுலாச் சீசன் பிறந்ததும் அதே வீட்டில் கொழும்பு வாகனம் நிற்கும். எல்லா வீட்டுக்காரரும் அப்படியல்ல. ஆனாலும் சீசனில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் காசு நல்ல மனிதரையும் யோசிக்க வைக்கும். திருத்தத்துக்காக மட்டுமே தற்காலிகமாக வெளியேறுகிறேன், இன்ன திகதிக்கு இதே வாடகையில் திரும்பி வருவேன், இடைக்கால வாடகை இவ்வளவு, முற்பணம் இவ்வளவு நிற்கிறது என்று இருவரும் கையொப்பமிட்ட கடிதம் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஓர் அறையில் உங்கள் சாமான் இருக்கட்டும். பலவந்தமாகப் பூட்டை மாற்றி வெளியேற்றினால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதம் கடப்பதற்குள் அதைச் செய்ய வேண்டும். சாவியை நீங்களே நீட்டியிருந்தால் பலவந்தம் என்று சொல்வது கடினம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது சிங்களத்தில் எழுதியதை வாசிக்காமல் ஒப்பமிடுவது இன்னொரு பிழை. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. ஒப்பந்தத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். "எல்லாத் திருத்தமும் வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு" என்ற வரி அதில் ஒளிந்திருக்கலாம். இன்னொன்று, முத்திரை ஒட்டிய தாளில் ஒரு வருடத்துக்கு எழுதிக்கொண்டதைப் பெரிய பாதுகாப்பாக நினைக்க வேண்டாம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது மாதாந்த வாடகையாகவே பார்க்கப்படும். ஒரு மாத அறிவித்தலில் முடித்துவிடலாம்.

லயக் காம்பராவை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு அறையை, வாடகைக்கு எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கொழும்புக்கு வேலைக்குப் போன குடும்பத்திடம் மாதக் காசு கொடுத்து இருக்கிறீர்கள். அந்தக் குடும்பமே அதற்கு உரிமையாளர் அல்ல. கூரைத் தகரம் மாற்றக்கூடத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். திருத்தத்துக்குப் பெரிய தொகை போடுமுன் அனுமதியை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கிடைக்காதென்றால் காசைப் போட வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை, சுவர் வெடிப்பைச் சீமெந்து பூசி மறைக்க விடுவது. கதவு திடீரென இறுகுகிறதா, பின்புற மண்மேட்டில் மரமோ கம்பமோ சாய்கிறதா, நிலத்தில் வெடிப்பு நீள்கிறதா, புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் அது மண்சரிவின் அறிகுறியாக இருக்கலாம், பாஸ் பார்க்கும் வேலையல்ல. கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். அதைக் கேட்க வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவும், 2025 நவம்பரில் டித்வா புயல் செய்ததும் நமக்குத் தெரியும். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் ஒப்பந்தமும் முற்பணமும் பிறகு பார்க்கும் காரியம், உடனே வெளியேறுங்கள். இயற்கை அழிவால் குடியிருக்கவே முடியாமல் போன வீட்டுக்கு, அந்தக் காலத்துக்கு வாடகை கேட்க முடியாது. நிறுவனத்தின் அறிக்கைப் பிரதியை வாங்கி வைத்திருங்கள். முற்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அதுதான் முதல் சாட்சி.

பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் விசாரியுங்கள். போகும்போது கடிதப் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, வாடகைப் பற்றுச்சீட்டுகள், படங்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள்.